நடுகல்லும் பந்தியும்: தியாகத்தை நினைவுகூருதல் பற்றி ஒரு திறனாய்வு

சில ஆண்டுகளுக்கு முன் தியாகதுருகத்தில் நடைபெற்ற லெந்து காலத் தியானக் கூட்டம் ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அருளுரை ஆற்றிய இளம் ஊழியர் ஊரை ஒட்டி உயர்ந்து நிற்கும் கோட்டை மலையைச் சுட்டிக்காட்டினார். இவ்வூரின் பெயரிலேயே தியாகம் இருக்கிறது என்றார்; மேற்கே தெரியும் கல்வராயன் மலையின் பெயரிலேயே கல்வாரி ஒலிக்கிறது என்றார். பின்னர் ஆண்டவரின் ஐந்து காயங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். கேட்டோர் கண்ணீர் வடித்தனர்; நம் கண்களும் கலங்கின.

கல்வராயனுக்கும் கல்வாரிக்கும் சொற்பிறப்பில் உறவு கிடையாது. கல்வாரி என்பது மண்டையோட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியாக நமக்கு வந்தது. எனினும் ஒலி ஒப்புமையைக் கொண்டு பேசுவது தமிழ்ப் பேச்சாளருக்குப் பழக்கமான ஒன்று. அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டுவதில்லை. நம் உள்ளத்தை உறுத்தியது வேறு. கூட்டத்தின் இறுதியில் திருவிருந்து ஆசரிக்கப்பட்டது. அதுவரை ஒரு மணி நேரம் தியாகத்தைப் பற்றிக் கேட்ட நாம், அந்தத் தியாகத்தை எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்று ஆண்டவரே ஏற்படுத்திய பந்திக்கு வந்தபோது, அருளுரைக்கும் பந்திக்கும் இடையே ஒரு சொல்லும் பாலமாக நிற்கவில்லை. தியாகம் கண்ணீரோடு முடிந்துவிட்டது. அப்பமும் இரசமும் பின்னிணைப்பாகிவிட்டன.

இது ஓர் இளம் ஊழியரின் குறையன்று. நாம் இறையியல் வகுப்பறையில் பல ஆண்டுகளாகக் கற்பித்ததும், நம் சபைகளில் நாமே பிரசங்கித்ததும் பெரும்பாலும் இவ்வாறே அமைந்திருந்தன. ஆகவே இக்கட்டுரை பிறரைத் திறனாய்வதற்கு முன் நம்மையே திறனாய்ந்து பார்க்கும் முயற்சியாகும்.

கல்லின் நினைவு

தியாகதுருகத்துக் கோட்டை பதினெட்டாம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களில் பலமுறை முற்றுகையிடப்பட்டது. ஆத்தூர், செங்கம் கணவாய்களைக் கண்காணிக்கும் இடத்தில் அமைந்திருந்தமையால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் அதற்காகப் போரிட்டனர். வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலியிடமிருந்து காத்துப் புகழ்பெற்ற கேப்டன் ஃபிளின்ட், 1790-இல் திப்பு சுல்தானின் படையை எதிர்த்து இக்கோட்டையையும் காத்தார் என வரலாறு கூறுகிறது. தளபதியின் பெயர் நிலைத்துள்ளது. அவருக்காகச் சுவரில் நின்று மடிந்த சிப்பாய்களின் பெயர்களோ, முற்றுகையின்போது சுற்றுப்புறச் சிற்றூர்களில் விளைச்சலை இழந்து பசியால் வாடிய குடியானவரின் பெயர்களோ கோட்டையின் வரலாற்றில் இடம்பெறவில்லை.

இதனினும் பழமையான நினைவு முறை ஒன்று இதே வட்டாரத்தில் உண்டு. செங்கம் பகுதியில் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறையினர் கண்டெடுத்து வெளிப்படுத்திய நடுகற்கள் பல்லவர் காலம் தொட்டு நிற்பவை. ஆநிரையை மீட்கும்போது வீழ்ந்தவன், ஊரைக் காத்து மாண்டவன் ஆகியோரின் உருவும் பெயரும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. கள்வரோடு போரிட்ட நாய் ஒன்றுக்கும் எடுத்தனூரில் கல் நாட்டியிருக்கின்றனர். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துக் கூறுகிறது. பிறருக்காக உயிர் ஈந்தவனை மறக்கலாகாது என்னும் தமிழ் மரபின் உயர்ந்த உணர்வு இதில் வெளிப்படுகிறது. நற்செய்தியைக் கேட்கத் தமிழ் உள்ளம் எவ்வாறு முன்னரே ஆயத்தமாக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

ஆயினும் நடுகல்லுக்கு ஓர் எல்லை உண்டு. வீரன் இறந்தவன், கல் அவனுக்குப் பதிலாக நிற்கிறது. நினைவுகூருவோர் ஆண்டுதோறும் வந்து மரியாதை செலுத்திவிட்டுத் திரும்பலாம். வந்தவர்களுக்கிடையே பகை இருப்பினும், ஏற்றத்தாழ்வு இருப்பினும் கல் எதனையும் கேட்பதில்லை. நம் திருச்சபைகளில் பெரிய வெள்ளிக்கிழமை மெல்ல மெல்ல நடுகல் வழிபாட்டின் இயல்பைப் பெற்றுவிட்டதோ என்பதே நம் ஐயம். மூன்று மணி நேர ஆராதனையில் ஏழு வார்த்தைகளும் தியானிக்கப்படுகின்றன, துக்கம் கொண்டாடப்படுகிறது, பின்னர் ஓராண்டு அமைதி.

ஆண்டவர் தம் நினைவுக்கென ஒரு கல்லை நாட்டவில்லை. பிட்டுப் பகிர வேண்டிய அப்பத்தையும், கைமாறிச் செல்ல வேண்டிய பாத்திரத்தையும் விட்டுச் சென்றார். கல்லைத் தனித்து நின்று வணங்கலாம். அப்பத்தைப் பிட்டால் அதைப் பெற்றுக்கொள்ள அடுத்தவர் இருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டிலேயே கிறிஸ்தவ நினைவின் தனித்தன்மை அடங்கியுள்ளது.

'பலி'யும் 'தியாக'மும்

இங்குச் சொல்லாராய்ச்சி ஒன்று தேவைப்படுகிறது. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் ஆட்சி செய்யும் சொல் 'பலி'. அது பீடத்தையும் இரத்தத்தையும் ஆசாரியனையும் உடன் கொண்டுவருவது. 'தியாகம்' என்னும் சொல்லோ பழந்தமிழ் வழக்கில் கொடை, வள்ளன்மை என்னும் பொருளைப் பெரிதும் உடையது. இருபதாம் நூற்றாண்டின் நாட்டு விடுதலை இயக்கம் அதற்குப் புதுப் பொருள் ஊட்டியது. சிறை சென்றவர் தியாகி எனப் போற்றப்பட்டார். இந்தப் புதுப் பொருளோடுதான் அச்சொல் நம் பிரசங்க மேடைக்கு வந்து சேர்ந்தது.

இதனால் நன்மையும் விளைந்தது. பலி என்னும்போது பலியிடப்படுவது தன் விருப்பமின்றிக் கொல்லப்படுகிறது. தியாகம் என்னும்போது கொடுப்பவர் தம்மைத் தாமே கொடுக்கிறார். யோவான் பத்தாம் அதிகாரத்து மேய்ப்பனின் தன்னுரிமையை விளக்கத் 'தியாகம்' பொருத்தமான சொல்லே. ஆனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. தியாகிகள் பலர் இருக்கலாம். அவர்களுள் கிறிஸ்து தலைசிறந்தவர் என்ற அளவில் எண்ணம் நின்றுவிடுகிறது. எபிரேயர் நிருபம் அழுத்திக் கூறும் 'ஒரேதரம்' என்னும் கருத்து மங்கிப்போகிறது. கிறிஸ்துவின் பலி பலிகளுள் ஒன்றன்று; பலிகளுக்கு முடிவு கட்டிய பலி.

நினைவுகூருதலைக் குறிக்கும் 'அனம்னேசிஸ்' என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் நான்கு இடங்களில் மட்டுமே வருகிறது. லூக்கா 22:19, 1 கொரிந்தியர் 11:24, 25 ஆகிய மூன்றும் திருவிருந்தைப் பற்றியவை. நான்காவது எபிரேயர் 10:3. அங்கே, ஆண்டுதோறும் செலுத்தப்பட்ட பலிகளால் பாவங்களே நினைவுகூரப்பட்டன என்று ஆசிரியர் கூறுகிறார். அதே அதிகாரத்தின் 17-ஆம் வசனத்தில், கடவுள் அப்பாவங்களை இனி நினையாதிருப்பார் என்னும் வாக்குத்தத்தம் எடுத்துரைக்கப்படுகிறது. ஒரு நினைவு நம்மைக் குற்ற உணர்விலேயே சுழல வைக்கிறது. மற்றொரு நினைவு நம்மை விடுவித்துப் பந்தியில் அமர்த்துகிறது. லெந்து காலத்தில் நாம் வளர்ப்பது இவற்றுள் எது என ஒவ்வொரு போதகரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எபிரேய மரபில் நினைவு என்பது மூளையின் செயல் மட்டுமன்று. பஸ்காவை நினைவுகூருகிறவன் எகிப்திலிருந்து தானே புறப்பட்டவனாகிறான். உபாகமம் 16-ஆம் அதிகாரத்தில் பண்டிகைப் பந்திக்கு வேலைக்காரரும் லேவியரும் அந்நியரும் திக்கற்றோரும் விதவைகளும் அழைக்கப்படுகின்றனர். நீ அடிமையாயிருந்ததை நினை என்னும் கட்டளை அதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. நினைவு உண்மையானதா என்பதைப் பந்தியில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதே வெளிப்படுத்துகிறது. 1982-இல் லீமாவில் உருவான திருமுழுக்கு, நற்கருணை, திருப்பணி பற்றிய ஆவணம் பல சபைப் பிரிவுகளையும் இந்த எபிரேய உணர்வுக்குத் திரும்ப அழைத்தது. நம் தமிழிலும் 'கூர்தல்' என்பதற்கு மிகுதல், சிறத்தல் என்னும் பொருள் உண்டு. மங்கிய ஒன்றை மனத்தில் புரட்டிப் பார்ப்பதன்று நினைவுகூருதல். உள்ளதை முழு வலிமையோடு நிகழ்காலத்தில் நிற்கச் செய்வதாகும்.

நம் பாவலர்கள் தந்ததும் தராததும்

தமிழ்ச் சீர்திருத்தச் சபையாருக்குச் சிலுவையைப் பாடக் கற்பித்தவர்களுள் இருவர் முதன்மையானவர். ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), மற்றவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900).

கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. அது ஜான் பனியனின் நூலைத் தழுவியதேயாயினும், ஒரு முக்கிய மாற்றம் நம் கவனத்திற்குரியது. பனியனின் நூலில் சிலுவை பயணி வழியில் வந்தடையும் ஓரிடம். சுமை விழுகிறது, பயணம் தொடர்கிறது. கிருஷ்ண பிள்ளையோ ஆண்டவரின் பாடுகளை இரட்சணிய சரிதப் படலத்தில் விரித்துப் பாடுகிறார். கம்பனில் தோய்ந்த புலமையும் வைணவப் பின்னணியில் ஊறிய பக்தியும் அங்கே ஒன்றுசேர்கின்றன. வாசகன் கேட்பவனாக இல்லாமல், சிலுவையடியில் நிற்பவனாகிறான். நினைதலும் உருகுதலும் பிரிக்க முடியாதவை என்னும் தமிழ்ப் பக்தி மரபு நம் திருச்சபைக்கு அவர் வழியாகக் கிடைத்த செல்வம். உருக்கத்தை வெறும் உணர்ச்சி என மேலைநாட்டு இறையியல் நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு இகழ்வோருடன் நாம் உடன்படவில்லை. உருகாத நினைவு நினைவே அன்று.

ஆயினும் உருக்கம் எங்கே சென்று சேர்கிறது என்பதைக் கேட்க வேண்டும். நம் பாமாலைகளிலும் கீர்த்தனைகளிலும் பாடுகளைப் பற்றியவற்றை எடுத்து நோக்கின், 'எனக்காக' என்னும் சொல்லே மிகுந்து ஒலிக்கிறது. 'நமக்காக' என்பது அருகியே வருகிறது. சிலுவைக்கும் தனி ஆன்மாவுக்கும் இடையே உள்ள உறவு அழகுறப் பாடப்படுகிறது. அச்சிலுவையடியில் என் அருகே நிற்பவர் யார் என்பது பாடப்படுவதில்லை.

இக்குறை இலக்கியக் குறையாக மட்டும் நின்றுவிடவில்லை. வேதநாயக சாஸ்திரியாரின் வாழ்வே இதற்குச் சான்று. சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கர், சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றவர், ஆயிரக்கணக்கான உள்ளங்களைச் சிலுவையண்டைக்கு நடத்திய பாவலர். அவரே, சபையில் சாதி வழக்கங்களை நீக்க முயன்ற மிஷனரிமாரை எதிர்த்து 1829-ஆம் ஆண்டளவில் எழுதினார். தம் மக்களின் பண்பாட்டில் அந்நியர் கைவைப்பதாக அவர் கருதினார். அக்கால மிஷனரிமாரின் ஆணவமும் அதற்கு இடந்தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அவ்வளவு ஆழ்ந்து சிலுவையைப் பாடிய நாவு, ஒரே பாத்திரத்தில் பருகுவதைப் பற்றிய வழக்கில் மறுபக்கம் நின்றது என்பது நம்மை நடுங்கச் செய்ய வேண்டிய உண்மை. அவரைத் தீர்ப்பிடுவது நம் நோக்கமன்று. தியாகத்தைப் பாடுவதும் தியாகத்தை நினைவுகூருவதும் ஒன்றல்ல என்பதை அவரிடமிருந்தே கற்றுக்கொள்கிறோம்.

கொரிந்துவும் தென்னிந்தியாவும்

1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை நாம் வழக்கமாக 23-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கிறோம். 17-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் பொருள் மாறிவிடுகிறது. வசதியுள்ளோர் முந்தி உண்கின்றனர். இல்லாதோர் பசியோடு நிற்கின்றனர். இப்படிக் கூடுவது ஆண்டவருடைய பந்தியே அன்று எனப் பவுல் துணிந்து கூறுகிறார். அதன் பின்னரே ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவின் நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார். நாம் திருவிருந்து முறைமையில் ஓதும் அந்த வரலாறு, முதன்முதலில் ஒரு கண்டனத்தின் நடுவே எழுதப்பட்டது. லூக்காவும் இதனை அறிந்திருந்தார். நினைவுகூரும்படி ஆண்டவர் கட்டளையிட்ட ஐந்தே வசனங்களுக்குப் பின், தங்களுள் யார் பெரியவன் என்று சீடர் வாதிட்டதைப் பதிவு செய்கிறார் (22:24). முதல் பந்தியிலேயே வழக்கு தொடங்கிவிட்டது.

தென்னிந்தியாவில் அவ்வழக்கு நீண்டது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன், தன் ஊழியர் அனைவரும் பொதுவான அன்பின் விருந்தில் கலந்து உண்ண வேண்டும் எனக் கேட்டது. மறுத்த உபதேசியார் பலர் விலக்கப்பட்டனர். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853-இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பு வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களைச் சபையெங்கும் பரப்பியது. பந்தியில் சாதியை எதிர்த்த மிஷனே சாதிக்காக வாதாடிய பாவலரின் பாடல்களை அச்சிட்டது! வரலாற்றின் இந்த முரணில் ஆண்டவரின் பொறுமையை நாம் காண்கிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட தென்னார்க்காட்டுப் பகுதிக்கு இவ்வழக்கு நேரடித் தொடர்புடையது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் ஐயர், சாதியைச் சமூக வழக்கமாகக் கருதிப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற தம் மிஷனின் நிலைப்பாட்டை ஏற்க மறுத்துப் பிரிந்தார். 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் நிலையத்தை அமைத்தார். தேனிஷ் மிஷனரிச் சங்கம் அவரோடு இணைந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதிலிருந்து வளர்ந்தது. இப்பகுதியின் சீர்திருத்தச் சபை பந்தியைப் பற்றிய மனச்சான்றின் வழக்கிலிருந்து பிறந்தது எனினும் மிகையாகாது.

ஆயினும் ஒரு எச்சரிக்கை தேவை. பொதுப்பந்தியை ஊழியருக்கான சோதனையாக்கிய மிஷனரிமாரும் ஒருவகையில் பந்தியின் இயல்பைத் திரித்தனர். தேர்வு வைக்கும் அதிகாரம் தங்களிடமும், தேர்வு எழுதும் கடமை பிறரிடமும் இருந்ததாக எண்ணினர். பந்தி ஆண்டவருடையது, அங்கே நாம் அனைவரும் விருந்தினர், எவரும் காவற்காரர் அல்லர்.

இவை பழங்கதைகள் என ஒதுக்க முடியவில்லை. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள எறையூரில் 2008-ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று, ஒரே விசுவாசத்தைச் சேர்ந்த இரு சாதியாருக்கிடையே, தனிப் பங்கு கோரிய தலித் கிறிஸ்தவரின் போராட்டத்தை ஒட்டி மோதல் வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அந்த நாள் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. ஆண்டவரின் பாடுகளை நினைவுகூரும் நாள்களிலேயே இது நிகழ்ந்தது. அது கத்தோலிக்கச் சபையின் சிக்கல் எனக் கூறி விலகிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. நம் சபைகளின் கல்லறைத் தோட்டங்களையும் திருமண விளம்பரங்களையும் திருச்சபைத் தேர்தல்களையும் அறிந்த எவரும் கல்லெறியத் துணியார்.

நாமும் எறியத் தகுதியற்றோம். இளம் போதகராக நாம் ஊழியம் செய்த ஒரு சிற்றூர்ச் சபையில், திருவிருந்துக்கு மக்கள் எப்போதும் ஒரே வரிசையில் வந்தனர். தெருவாரியாக வந்த அவ்வரிசையில் ஒரு தெருவார் என்றும் இறுதியிலேயே நின்றனர். அதை ஒழுங்கு என்றே நாம் எண்ணியிருந்தோம். ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று ஆராதனை முடிந்தபின் முதியவர் ஒருவர் தயங்கி வந்து, "ஐயா, ஆண்டவரோட பந்தியிலேயும் எங்களுக்குக் கடைசிப் பந்திதானா?" என்று கேட்டார். ஏசாயா 53-ஆம் அதிகாரத்தை அன்று நாம் நாற்பது நிமிடம் விளக்கியிருந்தோம். அவருடைய ஒற்றைக் கேள்விக்கு விடை நம்மிடம் இல்லை. வரிசையை மாற்றவும் துணிவில்லை. அவ்வூரை விட்டு மாற்றலாகிச் சென்றபோது அக்கேள்வியும் நம்முடன் வந்தது. இக்கட்டுரை அவருக்குக் காலந்தாழ்ந்து கூறும் விடை.

யாரிடம் தியாகம் கேட்கிறோம்?

இன்னும் ஒன்று. தியாகத்தைப் போதிக்கும்போது நாம் யாரை நோக்கிப் பேசுகிறோம்? கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தாரருக்குக் கூலியின்றி உழைக்க நேர்ந்தவர்கள். 1976-இல்தான் அம்மலைகள் ஜாகீர் ஆட்சியினின்று விடுபட்டன. அத்தகைய மக்களிடம் சென்று, தியாகம் செய்யுங்கள் என்று எவ்விளக்கமுமின்றிக் கூறினால் அது நற்செய்தியாக ஒலிக்குமா? அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது தியாகமன்று, பறிப்பு. குறைந்த ஊதியத்தில் வாழும் உபதேசியாரிடமும், குடும்பத்தின் சுமை அனைத்தையும் தாங்கும் பெண்களிடமும் 'கிறிஸ்துவைப் போல் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று கூறும் பிரசங்கம், சிலுவையை அவர்கள் முதுகில் மேலும் ஒரு சுமையாக ஏற்றுகிறது.

கிறிஸ்து ஒரேதரம் பலியானார் என்பதன் சமூகப் பொருள் இதுவே: இனி எந்த மனிதனும், எந்தச் சாதியும், எந்தத் தெருவாரும் பிறருடைய நலத்துக்காகப் பலியிடப்படலாகாது. ரோமர் 12:1 கூறும் ஜீவபலி, கடவுளின் இரக்கங்களைப் பெற்றவர் தாமாக முன்வந்து செலுத்துவது, பிறர்மேல் சுமத்துவதன்று. எபிரேயர் 13:16 பகிர்ந்து கொடுத்தலையே கடவுள் விரும்பும் பலி என்கிறது. கையில் உள்ளவர் பகிர வேண்டும்; கை வெறுமையானவர் முதலில் உண்ண வேண்டும்.

போதகருக்குச் சில சொற்கள்

இவ்வாய்விலிருந்து பெரிய திட்டங்களை நாம் வகுக்கவில்லை. மூன்று எளிய காரியங்களை உடன் ஊழியர் முன் வைக்கிறோம். பெரிய வெள்ளி அருளுரையை முந்தின நாளின் பந்தியிலிருந்து பிரிக்காதிருப்போம். பெரிய வியாழன் இல்லாமல் வெள்ளி விளங்காது. 1 கொரிந்தியர் 11-ஐப் பதினேழாம் வசனத்திலிருந்து வாசிப்போம். 1950-இல் வெளிவந்த தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து முறைமையில் கைக்குக் கை சமாதானம் கடந்து செல்லும் பகுதியை அவசரமாக முடிக்காதிருப்போம். அங்கே யார் கையை யார் பற்றுகிறார் என்பதில் நம் இறையியல் முழுவதும் வெளிப்படுகிறது.

தியாகதுருகத்து இளம் ஊழியர் காட்டிய மலையை மறுபடியும் நோக்குகிறோம். துருகம் என்றால் கோட்டை. கோட்டை உள்ளிருப்போரைக் காக்க வெளியிலிருப்போரைத் தடுக்கிறது. சிலுவையையும் நாம் அவ்வாறு ஒரு கோட்டையாக்கி, அதன் மதிலுக்குள் நம் தெருவாரோடு அமர்ந்து கண்ணீர் வடிக்கலாம். ஆண்டவரோ நகர வாசலுக்கு வெளியே பாடுபட்டார் என்று எபிரேயர் 13:12 கூறுகிறது. அவரை நினைவுகூருவோர் மதிலுக்குள் தங்கியிருத்தல் இயலாது. வெளியே வரிசையின் இறுதியில் ஒரு முதியவர் இன்னும் காத்து நிற்கிறார். அடுத்த திருவிருந்தில் முதல் அப்பம் அவருக்கு.